டுவீட்டர் மூஞ்சியப் பாக்கணுமா, கண்ணாடியப் பாக்கணுமா?

2019ல ஒரு பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்கினேன், ரெண்டாவது ஓனர் நான். கூடவே வந்த ஸ்பீக்கர்ல பாட்டு கேட்டா போர்வைய தலையோட போத்திக்கிட்டு கேக்கற மாதிரி இருக்கும். அந்த வருஷம் போனஸ் வந்துச்சு, நேரா ஜி.பி. ரோட்டுக்கு விட்டுட்டேன். சென்னைல கார் சாமான்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான், உள்ள திரும்பும்போதே நாலு பேர் வண்டிகூடவே ஓடி வந்து சீட் கவரா சார், மேட்டா சார்னு கேப்பாங்க, அதத் தாண்டி ஒரு கடைல நின்னு ஆறரை இன்ச் காம்போனன்ட் செட் ஒன்னு எடுத்தேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், டுவீட்டர்னா கீச்சு சத்தத்துக்குன்னே இருக்கற குட்டி ஸ்பீக்கர். கோஆக்ஷியல்னா பெரிய ஸ்பீக்கர் நடுவுலயே அது உக்காந்திருக்கும், ஒரே ஓட்டைல வேலை முடிஞ்சிரும். காம்போனன்ட்னா பெருசு தனி, டுவீட்டர் தனி, நடுவுல கிராஸ்ஓவர்னு ஒரு டப்பா, எந்த சத்தம் யாருக்குன்னு பிரிச்சுக் குடுக்கறதுக்கு. பெருச கதவுல இருக்கற பழைய ஓட்டைலயே மாட்டிடலாம், அதுல யோசிக்க ஒன்னும் இல்ல. டுவீட்டர எங்க வைக்கிறதுன்றதுதான் கேள்வி. அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்ல. கடைப் பையன்தான் சொன்னான், "பில்லர்ல போட்டுடலாம்ணா, நேரா உங்க மூஞ்சிக்கு அடிக்கும், கெத்தா இருக்கும்"னு. நான் எதிர்ல டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முன்கண்ணாடி ஓரத் தூண்ல ரெண்டு பக்கமும் டிரில் போட்டு, கிண்ணம் மாதிரி இருக்கற கப்புல டுவீட்டர வெச்சு என் மூக்கக் குறி வெச்சு திருகி வெச்சிருந்தான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், பாட்டு போட்டுக் காட்டினப்போ எனக்கே புல்லரிச்சுச்சு.

முதல் ஒரு வாரம் ஜாலிதான். அதுவரைக்கும் கேக்காத ஜால்ரா, சலங்கை, பாடறவங்க மூச்சு இழுக்கறது எல்லாம் கேட்டுச்சு. அப்புறம் மாமனார் வீட்டுக்கு விழுப்புரம் போனோம், செங்கல்பட்டு தாண்டினதும் லேசா தலை கனம், திண்டிவனம் வர்றதுக்குள்ள வலது காதுக்கு மேல ஒரு நரம்பு துடிக்குது. பாட்டுல ஒவ்வொரு "ஸ"வும் ஊசி குத்தற மாதிரி. ட்ரெபிள கொறச்சா பழையபடி போர்வைக்குள்ள போயிடுது, ஏத்தினா ஊசி. வீட்டுக்காரம்மா வேற, "எல்லாப் பாட்டும் என் பக்கத்துலேர்ந்தேதான் வருது, உங்க பக்கம் சும்மா பேருக்கு ஒன்னு வெச்சிருக்காங்க போல"ன்னாங்க. எனக்கோ எல்லாம் என் பக்கத்துலேர்ந்து. அவங்க சும்மா சொன்னது, ஆனா பிரச்சனையே அதுதான்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் தையல் டேப்ப எடுத்துட்டு கார்ல போய் உக்காந்தேன். வலது டுவீட்டர்லேர்ந்து என் தலைக்கு 72 செ.மீ. இடதுலேர்ந்து 124. வித்தியாசம் 52 செ.மீ. சத்தம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 34 செ.மீ. அப்போ இடது பக்கத்து சத்தம் வலதுக்கு ஒன்றரை மில்லி செகண்ட் லேட்டா வருது. ஒன்றரை மில்லி செகண்ட்ல என்ன இருக்குன்னு தோணும். நம்ம ரெண்டு காதுக்கும் நடுவுல தலை ஒன்னு இருக்கில்ல, பக்கவாட்டுலேர்ந்து யாராவது கூப்பிட்டா இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் வர்ற நேர வித்தியாசமே 0.7 மில்லி செகண்டுக்குள்ளதான். அத வெச்சே மூளை, இந்தப் பக்கம் யாரோ கூப்பிடறாங்கன்னு தலையத் திருப்புது. ஒன்றரைன்னா அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. ஒரே சத்தம் ரெண்டு இடத்துலேர்ந்து வந்தா முதல்ல வந்து சேர்ற பக்கத்தைத்தான் மூளை நம்பும், 1949ல ஹெல்முட் ஹாஸ்னு ஒருத்தர் இத வெச்சே டாக்டர் பட்ட ஆய்வு பண்ணினாரு, அவர் பேர்லயே ஹாஸ் எஃபெக்ட்னு சொல்றாங்க. ஸ்டீரியோல நடுவுல நின்னு பாட வேண்டிய ஆளு என் வலது தூண்ல ஒட்டிக்கிட்டுப் பாடினதுக்கு முதல் காரணம் இதுதான்.

நேரம் மட்டும்னாக்கூட பரவால்ல. 1907ல ராலே பிரபு எழுதினதுலேர்ந்தே தெரிஞ்ச விஷயம், தாழ்ந்த சத்தத்துக்கு நேர வித்தியாசத்தையும், கீச்சு சத்தத்துக்கு எந்தக் காதுல சத்தம் ஜாஸ்தின்றதையும் வெச்சுதான் முக்கியமா திசை கண்டுபிடிக்கறோம். சுமாரா 1,500 ஹெர்ட்ஸ் கிட்ட இந்த வேலை கை மாறுது. டுவீட்டர் வேலை செய்யறது முழுக்க அதுக்கு மேல. அப்போ டுவீட்டர் விஷயத்துல, எது முதல்ல வருதுன்றதோட எது சத்தமா இருக்குன்றதும் சேந்துக்கும். 72க்கும் 124க்கும் கணக்குப் போட்டா திறந்த வெளில 4.7 டெசிபெல் வருது. கார்க்குள்ள கண்ணாடியும் கதவும் எதிரொலிக்கறதால அவ்ளோ இருக்காது, ஆனா கிட்ட இருக்கறவன் நேரா மூஞ்சியப் பாத்து கத்தறான், தூரத்துல இருக்கறவனும் மூஞ்சியப் பாத்துதான் கத்தறான், அப்போ யாரு பேச்சு கேக்கும்?

இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு வந்த யோசனை ரொம்ப சின்னது. ஓட்டை போடறதுக்கு முன்னாடி கேட்டுப் பாத்திருக்கணும். நான் ஓட்டை போட்டுட்டுக் கேட்டேன். இப்போ திரும்ப முதல்லேர்ந்து.

ஞாயித்துக்கிழமை காலைல அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்ல உக்காந்தோம், நானும் மச்சானும். மச்சானுக்கு இதுல பைத்தியம், ஃபோன்ல ஏதோ ஆப் போட்டு பச்சை கலர் கோடு கோடா ஏறி இறங்கறதக் காட்டுவான். டுவீட்டர் ரெண்டையும் கழட்டி, ரிச்சி தெருல வாங்கின ஒயர் ஆளுக்கு மூணு மீட்டர் சேத்து நீட்டிக்கிட்டோம். ஒட்டறதுக்கு என்ன பண்றதுன்னு பாத்தா பாப்பாவோட விளையாட்டுக் களிமண் இருந்துச்சு, ரோஸ் கலரு. இதவிட நல்ல சாமான் இந்த வேலைக்கு இல்ல, எங்க வேணா ஒட்டும், எந்தக் கோணத்துல வேணா சாய்க்கலாம், பிடுங்கினா கறை இல்ல. பாப்பாவுக்குத் தெரியாம எடுத்தேன், சாயங்காலம் மாட்டிக்கிட்டேன், அது வேற கதை.

கேட்டுப் பாக்கறதுக்கு புடிச்ச பாட்ட போடாதீங்க, மனசு தானா ஓட்டைய அடைச்சுக்கும். நாங்க முதல்ல போட்டது ஒரு ஆள் பேசற பதிவு, மோனோல, அதாவது ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். அது டேஷ்போர்டு நடுவுலேர்ந்து வரணும், அவ்ளோதான் பரீட்சை. அப்புறம் பிங்க் நாய்ஸ்னு சொல்ற "ஷ்ஷ்ஷ்", மழை பெய்யற மாதிரி இருக்கும், அதுல எங்கயாவது கரகரன்னு தனியா கேட்டா அங்க கோளாறு. கடைசிலதான் பாட்டு.

முதல்ல டேஷ்போர்டு மூலைல, முன்கண்ணாடியப் பாத்து வெச்சோம். நிறைய பேரு இதத்தான் செய்யறாங்க, வெக்கறதும் சுலபம். போட்ட உடனே மச்சான் "அடடா"ன்னான். சத்தம் நல்லா விரிஞ்சு பானெட் மேல மேடை போட்ட மாதிரி இருந்துச்சு, கண்ணாடி பெரிய முகம் பாக்கற கண்ணாடி மாதிரி வேலை செய்யுது. ஆனா அரை மணி நேரம் கேட்டா ஏதோ ஒன்னு உறுத்துது, சில ஸ்வரம் தூக்கலாவும் சிலது காணாமலும் போகுது. காரணம் என்னன்னா நேரா வர்ற சத்தம் ஒன்னு, கண்ணாடில பட்டு வர்ற சத்தம் ஒன்னு, ரெண்டும் காதுல சேருது. பட்டு வர்றது 5 செ.மீ. கூட நடந்து வந்தாப் போதும், 3,400 ஹெர்ட்ஸ் கிட்ட ஒன்னு மேல போகும்போது இன்னொன்னு கீழ வரும், ரெண்டும் ஒன்ன ஒன்னு தின்னுடும். திரும்ப 10,000 கிட்ட அதே கதை. நடுவுல 6,900 கிட்ட ரெண்டும் கூட்டு சேந்துக்கிட்டு கத்தும், "ஸ" நல்லா ஊசி ஏறுற இடம் பாத்து. ஈக்வலைசர்ல, அதாவது ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியா ஏத்தி எறக்கற செட்டிங்ல, குழிய நிரப்பலாம்னு மச்சான் சொன்னான், அது ஆவாது, நீ எவ்ளோ ஏத்தினாலும் பட்டு வர்றதும் அதே அளவு ஏறும், குழி குழியாவே இருக்கும்.

அதோட மே மாசம் வெயில்ல நிறுத்தின வண்டி டேஷ்போர்டுல கை வெச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கம் ஒட்டற டேப்பு அங்க நிக்காது, ஃபிரெண்டு ஒருத்தன் வண்டில டுவீட்டர் ஒயர்ல தொங்கி பெண்டுலம் மாதிரி ஆடிட்டே ஒரு மாசம் ஓடுச்சு. பளபளன்னு வளையம் போட்ட டுவீட்டரா இருந்தா அதோட பிம்பம் வேற கண்ணாடில கண்ண அடிக்கும்.

அடுத்தது கீழ, கால் பக்கத்துல, கதவுக்கும் பெடலுக்கும் நடுவுல இருக்கற பிளாஸ்டிக்ல. ரெண்டு பக்கத்து தூர வித்தியாசம் கொறையும்றதால கார் சவுண்டு போட்டிக்கு வண்டி பண்றவங்க அந்தக் காலத்துல இதத்தான் விரும்பினாங்க. என் வண்டில கிளட்ச்ச மிதிச்சா செருப்பு இடிக்குது, பாட்டு முழங்காலுக்குக் கீழேர்ந்து வருது. ரெண்டே நிமிஷம், எடுத்துட்டோம்.

கதவுல கைப்பிடிக்குப் பக்கத்துல வெச்சா என் தொடையே மறைச்சுக்குது. கீச்சு சத்தம் வளைஞ்சு போகாது, 10,000 ஹெர்ட்ஸ்னா ஒரு அலையோட நீளமே மூன்றரை செ.மீ.தான், தொடை அதுக்கு மதில் சுவரு.

கடைசியா சைடு மிரருக்கு உள்பக்கம், கதவு ஜன்னல் மூலைல ஒரு முக்கோண பிளாஸ்டிக் இருக்குமே, அங்க. பாக்க சுமார்தான். ஆனா கதவுல கீழ இருக்கற பெரிய ஸ்பீக்கருக்கு, நாங்க பாத்த மேல் இடங்கள்ல இதுதான் கிட்ட. இது ஏன் முக்கியம்னா என் கிராஸ்ஓவர் டப்பா 3,000 ஹெர்ட்ஸ்ல வெட்டுது, அதாவது அதுக்குக் கீழ பெருசுக்கு, மேல டுவீட்டருக்கு, அந்த இடத்துல ரெண்டு பேரும் சேந்துதான் பாடறாங்க. 3,000ல அலை நீளம் 11 செ.மீ. சொச்சம். ஒருத்தர் வழி இன்னொருத்தர விட அதுல பாதி, ஆறு செ.மீ.க்குக் கொஞ்சம் கம்மி, கூடிப்போனாலே எதிரும் புதிருமா ஆயிடுவாங்க, பாடறவங்க குரல் அந்த இடத்துல தேஞ்சு போயிடும். அதனாலதான் எங்க வெச்சாலும் டுவீட்டரோட பிளஸ் மைனஸ ஒருதடவ மாத்திப் போட்டுக் கேக்கணும். நாங்க மாத்திப் போட்டோம், இடது பக்கம் சாதாரணமா போட்டா குரல் நல்லா இருக்கு, வலது பக்கம் தலைகீழா போட்டாதான் நல்லா இருக்கு. டப்பால போட்டிருக்கற படத்துக்கு இது விரோதம். மச்சான் ஒத்துக்கவே இல்ல, பச்சைக் கோட்டப் பாத்ததுக்கு அப்புறம்தான் வாய மூடினான்.

இங்க ஒன்னு சொல்லணும், டுவீட்டர எங்க வைக்கிறதுன்றதும் எங்க வெட்டறதுன்றதும் தனித்தனி கேள்வி இல்ல. மலிவு டுவீட்டர்ல ஒயர் நடுவுல ஒரு கப்பாசிட்டர் மட்டும் இருக்கும், 4.7 மைக்ரோ ஃபாரட்னு போட்டிருக்கும். 4 ஓம் டுவீட்டருக்கு அது 8,500 ஹெர்ட்ஸ் கிட்டதான் வெட்டும். அதுக்கு மேல ஜால்ராவோட ஓரமும் சலங்கையும்தான், ஆள் குரல் பெருசா ஒன்னும் இல்ல, அத எங்க ஒட்டினாலும் மேடை மாறாது. வெட்டற இடம் இறங்க இறங்க குரலும் டுவீட்டர் கைக்குப் போயிடும், அப்போ டுவீட்டர் நிக்கற இடத்துலதான் பாடறவங்களும் நிப்பாங்க. ஆசைப்பட்டு ரொம்ப இறக்கினா டுவீட்டர் செத்துரும், அது தனி வயித்தெரிச்சல்.

இடம் முடிவாயிடுச்சு, கோணம்தான் பாக்கி. அன்னிக்கு மத்தியானம் முழுக்க இதுல போச்சு, சாம்பார் ஆறிப்போச்சுன்னு மூணு தடவ ஃபோன். நேரா என் மூஞ்சியப் பாத்து வெச்சா பழைய ஊசி திரும்ப வருது. ரெண்டும் ஒன்ன ஒன்னு பாக்கற மாதிரி வெச்சா மங்கல். கடைசில வேலை செஞ்சது என்னன்னா, ரெண்டும் பக்கத்துல இருக்கற ஆள விட்டுட்டு எதிர்ப்பக்கத்து ஆளப் பாக்கணும். வலது டுவீட்டர் இடது சீட்டுத் தலையணைய, இடது டுவீட்டர் என் தலையணைய. டுவீட்டர் நேரா பாக்கற திசைலதான் கீச்சு சத்தம் முழுசா வரும், பக்கவாட்டுல கொஞ்சம் கொறையும். அப்போ கிட்ட இருக்கறவன் எனக்குக் கொஞ்சம் மெதுவா, தூரத்துல இருக்கறவன் எனக்கு முழுசா. இடது சீட்டுல உக்காந்தவங்களுக்கும் அதே நியாயம். தூணுல நேரா மூஞ்சிக்கு வெச்சிருந்தப்போ இல்லாத சமாதானம் அப்போதான் வந்துச்சு. பேசற ஆளு வலது தூண விட்டு எறங்கி ஸ்டியரிங் பக்கம் வந்தாரு, முழுசா நடுவுக்கு வரல, ஆனா வந்தாரு.

முழுசா வரணும்னா நேரத்த சரி பண்ணனும், அதுக்கு டைம் அலைன்மென்ட் வசதி இருக்கற ஹெட் யூனிட், அதாவது டேஷ்போர்டுல இருக்கற பாட்டுப் பெட்டி, வேணும், ஒரு வருஷம் கழிச்சு வாங்கினேன். கிட்ட இருக்கற பக்கத்த வேணும்னே தாமதப்படுத்தி விடும், புது இடத்துலயும் தூர வித்தியாசம் அம்பது செ.மீ. கிட்டதான், வலதுக்கு ஒன்றரை மில்லி செகண்ட் போட்டேன். போட்ட உடனே பாடகர் டேஷ்போர்டு நடுவுல புள்ளையார் பொம்மை மேலேயே வந்து உக்காந்துட்டாரு. நான் சந்தோஷத்துல அம்மாவ கூட்டிட்டு ஒரு ரவுண்டு போனேன், அம்மா இடது சீட்டுல. "என்னடா இது, உன் பக்கம் ரிப்பேரா, எல்லாம் என் காதுகிட்டயே கத்துது"ன்னாங்க. சரிதான், அவங்களுக்கு ஏற்கனவே இடது டுவீட்டர் ஒன்றரை முன்னாடி வருது, நான் வலத இன்னொரு ஒன்றரை தள்ளிட்டேன், மொத்தம் மூணு. ஒரு சீட்டுக்கு சரி பண்ணினா இன்னொரு சீட்டு கெடும், இதுக்கு வழி இல்ல. இப்போ ரெண்டு பிரீசெட், அதாவது ரெண்டு செட்டிங்க சேத்து வெச்சிருக்கேன், ஒன்னு தனியா போகும்போது, இன்னொன்னு அம்மாவோ வீட்டுக்காரம்மாவோ இருக்கும்போது. மத்தவங்க இருக்கும்போது எப்படியும் பேச்சுதான் ஓடும், பாட்ட யாரு கேக்கறா.

பில்லர்தான் வேணும்னு அடம் புடிக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். உங்க தூண்ல ஏர்பேக்னு எழுதியிருந்தா அந்தப் பக்கமே டிரில் எடுத்துட்டுப் போகாதீங்க, பக்கவாட்டுல இறங்கற கர்ட்டன் ஏர்பேக் நிறைய வண்டில அந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னாடிதான் ஓடுது, அது வெடிச்சு விரியறப்போ நீங்க திருகின டுவீட்டர் உங்க மேலயே பாயும். என் வண்டில அது இல்ல, அது அதிர்ஷ்டம், கடைல யாரும் பாத்துட்டு போடல. ரெண்டாவது, ஃபைபர்ல கிண்ணம் செஞ்சு பட்டி பாத்து ரெக்சின் ஒட்டி டென்னிஸ் பால் சைஸுக்கு வெக்கறாங்களே, பாக்க அழகாத்தான் இருக்கு, ஆனா வலது பக்கம் திரும்பும்போது அந்தத் தூணே ஒரு ஸ்கூட்டர முழுசா மறைக்கும், அதுல இன்னும் ரெண்டு இன்ச் சேத்தா ஸ்கூட்டர்ல வர்றவங்க நமக்கு இல்லவே இல்ல.

முக்கோண பிளாஸ்டிக்ல மாட்டறதுலயும் வேலை இருக்கு. அது மெல்லிசு, சத்தம் வெச்சா கிர்ருனு அதிரும், பின்னாடி ஃபோம் டேப்பு ஒட்டினேன், நின்னுச்சு. ஒயர் கதவு கீல் பக்கத்துல இருக்கற ரப்பர் குழாய்க்குள்ள போகணும், வெளில விட்டா கதவ மூடி மூடி ஆறு மாசத்துல அறுந்துரும். அந்த ரப்பருக்குள்ள ஒயர் நுழைக்க ஒரு மணி நேரம் ஆச்சு, சோப்புத் தண்ணி தடவினா ஈசின்னு முடிச்சதுக்கு அப்புறம் மச்சான் சொல்றான்.

பழைய தூண்ல ஓட்டை அப்படியே இருக்கு. ஸ்க்ரூ ஓட்டை சின்னது, தெரியாது, ஒயர் போன ஓட்டை நல்லா தெரியும். புது பில்லர் பிளாஸ்டிக் விலை கேட்டேன், வேணாம்னு வந்துட்டேன். வீட்டுக்காரம்மா ஹேண்ட்பேக்லேர்ந்து கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ரெண்டு எடுத்து பக்கத்துக்கு ஒன்னா ஒட்டினாங்க, அளவு எடுத்து செஞ்ச மாதிரி கச்சிதமா உக்காந்துச்சு. வண்டிக்கு திருஷ்டிப் பொட்டுன்னு பாக்கறவங்க நெனச்சுக்கறாங்க. வெயில்ல பசை விட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ விழும், புதுசு ஒட்டிடுவாங்க.